பனையேறிக்கு ஒரு மனு

திங்கட்கிழமை காலை ஆபீஸில் நுழைந்ததும் கேஷ் செக்ஷன் நண்பர் என் வலது கையைப் பார்த்தார். கட்டை விரலில் ஒரு பிளாஸ்திரி, உள்ளங்கையில் இன்னொன்று.

"என்ன ஸார், வீட்ல சண்டையா?"

"அதெல்லாம் இல்லை. ஊருக்குப் போயிருந்தேன். பனையேறி கிழிச்சிடுச்சு."

"பனையேறி கிழிச்சாரா! கள்ளு குடிச்சுட்டுக் காசு கொடுக்காம வந்துட்டீங்களா?"

அவர் மேல் தப்பில்லை. பனையேறி என்றால் இடுப்பில் அரிவாளோடு மரமேறுகிற மனிதர்தான் யாருக்கும் ஞாபகம் வரும். நான் சொன்னது மீன். பனையேறிக் கெண்டை என்று முழுப்பெயர். சேறும் பாசியும் கலந்த நிறம், ஒரு சாண் இருந்தால் பெரிய மீன். அழகுப் போட்டிக்கு அனுப்ப முடியாது. ஆனால் செவுள் மூடியின் ஓரத்தில் ரம்பம் மாதிரி முள் இருக்கும். அதைத் தரையில் ஊன்றி, வாலால் உந்தி உந்தித் தண்ணீரை விட்டு வெளியே வந்து நடக்கும். நிஜமாகவே நடக்கும் ஸார். செவுளுக்கு மேலே மடிப்பு மடிப்பாக ஒரு உறுப்பு. அதை வைத்துக்கொண்டு நம்மைப் போலக் காற்றைச் சுவாசிக்கும். ஈரம் மட்டும் இருந்தால் கரையில் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். இதைவிட வேடிக்கை, மேலே வந்து காற்று வாங்க விடாமல் தண்ணீருக்குள்ளேயே அமுக்கி வைத்தால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். தண்ணீரில் மூழ்கிச் சாகக்கூடிய மீன்!

இதையெல்லாம் சொன்னதும் நண்பர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "லீவு எத்தனை நாள் மிச்சம் இருக்கு?" என்று கேட்டார்.

எங்கள் ஊர் தரங்கம்பாடிக்கு மேற்கே பஸ்ஸில் அரைமணி தூரம். தரங்கம்பாடி 1620-லிருந்து 1845 வரை டேனிஷ்காரர்கள் கையில் இருந்தது. அங்கே டால்டார்ஃப் என்று ஒரு லெப்டினன்ட். 1791-ல் ஒரு குளத்தங்கரைப் பனைமரத்தில், தண்ணீர் மட்டத்துக்கு ஐந்தடி மேலே, மரத்து வெடிப்பில் இந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததாகவும், தானே கையால் எடுத்ததாகவும் எழுதிவைத்தார். 1797-ல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அது அச்சாகி, உலகம் முழுக்க 'மரமேறும் மீன்' என்று பேச்சாகிவிட்டது. விஞ்ஞானப் பெயரே அனபாஸ்தான். ஏறுவது என்று பொருள் தருகிற கிரேக்கச் சொல்லிலிருந்து வைத்தது. பிற்பாடு வந்த விலங்கியல்காரர்கள், 'நடக்கும் சரி, பனைமரமெல்லாம் ஏறாது. காக்காயும் பருந்தும் கவ்விக்கொண்டு போய் மரத்தில் போட்டிருக்கும்' என்றார்கள்.

இந்தக் கதையை எங்கள் சித்தப்பாவிடம் சொன்னபோது அவர் சிரிக்காமல் சொன்னார்: "அது கெடக்கட்டும். அந்த தொரைக்குப் பனைமரத்தடியில அன்னிக்கு என்ன வேலைன்னு யாராச்சும் கேட்டாங்களா?"

சித்தப்பாவுக்கு இப்போது எழுபத்து நாலு வயது. என் பால்ய காலத்து மீன்களுக்கெல்லாம் அவர்தான் அத்தாரிட்டி. ஐப்பசியில் முதல் பெருமழை பெய்கிற ராத்திரி, அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்புவார். பின்னால் நானும் என் தம்பியும், தலையில் யூரியா சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு. குளம் நிரம்பி, மடை வழியாக வாய்க்கால், வாய்க்காலிலிருந்து வயல் என்று எல்லாம் ஒரே தண்ணீராகக் கிடக்கும். புதுத்தண்ணீர் வாசனை பிடித்து மீன்கள் எதிரேறி வரும். விரால், குரவை, தேளி, ஆரால், கெண்டை... இவையெல்லாம் தண்ணீருக்குள்ளேயே மரியாதையாகப் போய்க்கொண்டிருக்க, பனையேறி மட்டும் வரப்பின்மேல் ஏறி, புல்லில் சளக் சளக்கென்று குறுக்கு வழியில் போகும். ஆபீஸில் லிஃப்டுக்குக் காத்திருக்காமல் படியேறிப் போகிறவர்கள் உண்டே, அந்த ஜாதி.

பிடிப்பதும் லேசில்லை. தலைப் பக்கம் தொட்டால் ரம்பம். முதுகில் தொட்டால் முள் வரிசை. சித்தப்பா ஈரத்துணியைப் போட்டு அமுக்குவார். "எவ்வளவு அவசரமா இருந்தாலும் மீனை வாயில மட்டும் கவ்வாதே" என்பது அவருடைய முதல் பாடம். இரண்டு கையிலும் மீன் இருக்கும்போது மூன்றாவதைப் பல்லில் கடித்துப் பிடிக்கிற பழக்கம் சில பேருக்கு உண்டு. பனையேறி வழுக்கித் தொண்டைக்குள் போய்விட்டால் முள் பின்பக்கம் விரிந்துகொள்ளும். இழுத்தால் வராது. ஆள் போய்விடுவான். அப்படிப் போனவர்கள் இருக்கிறார்கள்.

பிடித்ததை அம்மா சாம்பல் போட்டு, கல்லில் தேய்தேயென்று தேய்த்து, மாங்காயும் புளியும் சேர்த்துக் குழம்பு வைப்பாள். முள் அதிகம். பேசிக்கொண்டே சாப்பிட முடியாது. அப்பாவும் சித்தப்பாவும் சண்டை போடாமல் சாப்பிட்ட ஒரே குழம்பு அது என்று அம்மா சொல்வாள்.

இனிமேல் என் கதை.

நான் மனு எழுதுவதில் கெட்டிக்காரன். ஆபீஸில் யாருக்கு லோன் வேண்டுமென்றாலும், டிரான்ஸ்ஃபர் ரத்தாக வேண்டுமென்றாலும் என் மேஜைக்குத்தான் வருவார்கள். 'மேற்படி பொருள் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்திற்குப் பணிவுடன் சமர்ப்பிப்பது யாதெனில்' என்று நான் ஆரம்பித்தால் அதிகாரிக்கே கண் கலங்கும். இந்தப் புகழ் ஊர்வரை போயிருந்தது. 2011-ல் பொங்கலுக்குப் போனபோது ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். அய்யனார் குளமும் தாமரைக் குட்டையும் தூர்ந்து கிடக்கின்றன; தூர் வாரி, கரையை நேர்ப்படுத்தி, படித்துறை கட்டி, மீன் வளர்ப்புக்கு ஏலம் விட்டால் ஊருக்கு வருமானம்; அதற்கு மனு வேண்டும்.

ஒரே மூச்சில் மூன்று பக்கம் எழுதினேன். 'பயனற்ற களை மீன்களை முற்றிலுமாக அகற்றி, உயர் ரகக் கெண்டை இனங்களை இருப்புச் செய்து' என்று ஒரு வரி. எங்கிருந்தோ கிடைத்த மீன் வளர்ப்புக் கையேட்டில் பார்த்து எழுதியது. வயலில் களை இருப்பது மாதிரி, வளர்ப்புக் குளத்தில் தானாக இருக்கும் சின்ன மீன்களுக்குக் களை மீன் என்று பெயர். விரால் மாதிரி பெரியவைக்குக் கொன்றுண்ணி மீன் என்று பெயர். ஆக, எங்கள் குளத்தில் காலங்காலமாகக் குடியிருந்தவர்கள் எல்லோரும் இந்த இரண்டு பட்டியலில் ஏதோ ஒன்றில் வந்துவிட்டார்கள்.

சித்தப்பா மனுவை வாங்கிப் படித்தார். "களை மீன்னா எது?"

"பனையேறி, அயிரை, உளுவை... சின்னதெல்லாம் சித்தப்பா."

"நம்ம வீட்டுச் சட்டியில வெந்ததெல்லாம் களையா?"

"கையேட்டுல அப்படித்தான் இருக்கு."

மனுவை மடித்து என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டார். நான் சென்னைக்கு வந்து டைப் அடித்து, மூன்று பிரதி எடுத்து அனுப்பினேன். என் சர்வீஸில் நான் எழுதி உடனே பலித்த மனு அது ஒன்றுதான்.

உயர்ரகம் என்று சொன்னேனே, அவை கட்லா, ரோகு, மிர்கால். கங்கைப் பக்கத்து ஆறுகளின் மீன்கள். நம் பக்கம் டிரான்ஸ்ஃபரில் வந்தவை. நல்ல மீன்கள்தான், சீக்கிரம் வளரும், கிலோக் கணக்கில் நிற்கும். குறை சொல்லக் கூடாது. ஆனால் குளத்தின் தேங்கிய தண்ணீரில் முட்டை வைக்காது. ஆற்று வெள்ளம் வேண்டும். 1957 ஜூலை 10-ம் தேதி ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி ஒடிசாவில் பிட்யூட்டரி சுரப்பிச் சாற்றை ஊசி போட்டு இவற்றை முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் இன்றைக்கும் மீன் வளர்ப்போர் தினமாகக் கொண்டாடுகிறார்கள். நாடு முழுக்க மலிவாக மீன் கிடைப்பதற்கு அவருக்குக் கும்பிடு போட வேண்டும். ஆனால் கணக்கு என்னவென்றால், அறுவடை செய்த குளத்துக்குக் காசு கொடுத்துக் குஞ்சு வாங்கி மறுபடி விட வேண்டும். பனையேறிக்கு ஊசியும் வேண்டாம், குஞ்சுக்குக் காசும் வேண்டாம். மழை பெய்தால் போதும்.

தூர் வாரியாயிற்று. கோடையில் பனையேறியும் விராலும் ஈரம் காயாத அடிச்சேற்றில் புதைந்து கிடந்துதான் அடுத்த மழையைப் பிடிக்கும்; அந்தச் சேற்றை மிஷின் வந்து வழித்து எடுத்துக்கொண்டு போனது. கரையை ஸ்கேல் வைத்த மாதிரி நிமிர்த்தினார்கள். வாய்க்கால் மடையில், வளர்ப்பு மீன் தப்பிப் போகாமல் இருக்க, கம்பி வலை அடித்தார்கள். எல்லாம் என் மனுவில் இருந்ததுதான். ஒரு கமா கூட விட்டுப்போகவில்லை.

அப்புறம் இலுப்பைப் புண்ணாக்கு. ஒரு மீட்டர் ஆழத் தண்ணீருக்கு ஏக்கருக்கு ஒரு டன் என்பது கையேட்டுக் கணக்கு. தலைக்குத் தேய்த்துக் குளிக்கிறோமே, அதே அரப்புச் சமாசாரம்தான். அதிலிருக்கும் ஸாபோனின் மீனின் ரத்தத்தில் சிவப்பணுக்களை உடைத்துவிடும். வாரக் கணக்கில் அதுவே உரமாகவும் மாறிவிடும் என்பதால் சிக்கனம்.

அன்றைக்கு லீவு போட்டுவிட்டு ஊரில் இருந்தேன். என் மனுவால் நடக்கிற காரியம், பார்க்க வேண்டாமா? காலையில் சாக்குச் சாக்காகக் கரைத்து ஊற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் கெண்டைப் பொடிகள் வெள்ளை வெள்ளையாய் மிதந்தன. அப்புறம் உளுவை, ஆரால். சின்னப் பிள்ளைகள் கூச்சல் போட்டுப் பொறுக்கினார்கள். பனையேறிகள் மட்டும் சாகவில்லை. அவை ஓரத்துக்கு வந்து, பட்டப்பகல் வெயிலில், நேராக்கிய கரைமேல் ஏற ஆரம்பித்தன. புதுமண், சரிவு அதிகம். பாதி ஏறும், சரியும். மறுபடி ஏறும். மேலே வந்தவற்றைக் காக்காய் கொத்தியது. எனக்கு மனுவில் எழுதிய அந்த 'முற்றிலுமாக' என்ற வார்த்தை ஞாபகம் வந்தது. அது இல்லாமலும் வாக்கியம் நன்றாகத்தான் இருந்திருக்கும்.

எதிர்க்கரையில் சித்தப்பா ஒரு பிளாஸ்டிக் வாளியோடு குனிந்து குனிந்து எதையோ எடுத்துக்கொண்டிருந்தார். குழம்புக்குப் பொறுக்குகிறார் என்று நினைத்தேன். கூப்பிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. அன்றையிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. தீபாவளிக்கு வேட்டி எடுத்துக்கொண்டு போனால் சித்தியிடம், "வாங்கி வையி" என்பார். நான் முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

ஏலத்தில் ஊருக்குப் பணம் வந்தது உண்மை. கோயிலுக்கு வெள்ளையடித்தார்கள், திருவிழாவில் மைக் செட் புதுசு. 2014 வாக்கில் குளத்தில் யாரும் விடாத ஜிலேபி மீன் வர ஆரம்பித்தது. பெயரைப் பார்த்து இனிப்பு என்று நினைக்காதீர்கள். 1952-ல் மண்டபத்துக்கு வந்து இறங்கிய ஆப்பிரிக்கத் திலேப்பியா. குஞ்சை வாயிலேயே வைத்துக் காப்பாற்றும், ஆகவே பெருகிக்கொண்டே போகும். கட்லாவுக்குப் போட்ட தீனியை எல்லாம் அதுவே தின்றது. குத்தகைக்காரர் இரண்டு வருஷம் கையைச் சுட்டுக்கொண்டு ஓடிப்போனார். மறுபடி ஏலம், மறுபடி புண்ணாக்கு. ஐப்பசி மழையில் எவரும் விளக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவதில்லை. கிளம்பினாலும் தவளைதான்.

2019-ல் அம்மா தவறிப்போனாள். காரியத்துக்குச் சித்தப்பா வந்தார், எல்லாம் செய்தார், என்னிடம் மட்டும் சொல்ல வேண்டியதைத் தம்பியிடம் சொன்னார். பதினாறாம் நாள் படையலுக்கு அம்மா வைக்கிற அந்தக் குழம்பு இருந்தால் தேவலை என்று யாரோ சொன்னார்கள். ஒருத்தரும் பதில் பேசவில்லை.

அதற்கப்புறம் எனக்கு ஒரு வேகம். கேரளாவில் அனபாஸ் குஞ்சு விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, இருநூறு குஞ்சு வாங்கி, ஆக்ஸிஜன் அடைத்த பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி பஸ்ஸில் வந்தேன். பக்கத்து ஸீட்காரர், "கண்ணுல ஒத்திக்கலாமா? தீர்த்தமா?" என்று கேட்டார். விடிகாலை ஊரில் இறங்கி, நேராகத் தாமரைக் குட்டைக்குப் போய்ப் பையை அவிழ்க்கப் போகிறேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"அறிவிருக்காடா உனக்கு?"

எட்டு வருஷத்துக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை. இவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

"பனையேறிக் குஞ்சு, சித்தப்பா."

பையை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "எந்த ஊரு?"

"வியட்நாம் ரகம். சீக்கிரம் பெருக்குமாம்."

"ஒரு தடவை வெளியூர்லேர்ந்து கொண்டாந்து விட்டது பத்தாதா? இது நம்ம மீனோட கலந்தா அப்புறம் எதை எதுன்னு சொல்லுவே?"

"நம்ம மீனுதான் இல்லையே, சித்தப்பா."

அவர் பதில் சொல்லாமல் நடந்தார். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் சாணக் குழியைத் தாண்டி ஒரு குட்டை. நாலு கயிற்றுக் கட்டில் போடலாம், அவ்வளவுதான். மேலே ஆகாயத்தாமரை. பழைய சோற்றை ஒரு பிடி எறிந்தார். தண்ணீர் சலசலத்தது. அந்த வாளி! கரையேறியதில் காக்காய் தின்றது போகச் சித்தப்பா பொறுக்கியது நாற்பதுக்குப் பக்கம். முதல் வாரத்திலேயே பாதி போய்விட்டதாம். மிச்சம் இருந்தவை அந்தக் குட்டையில் மழைக்கு மழை முட்டையிட்டுப் பெருகியிருந்தன. கோடையில் தண்ணீர் வற்றும்போது மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற சாக்கில் தினமும் பத்துக் குடம் ஊற்றியிருக்கிறார். சித்திக்குக்கூட விஷயம் தெரியாது; மாடு ஏன் இவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று டாக்டரிடம் கேட்டிருக்கிறாள்.

(வியட்நாம்காரர்களை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். சிமெண்ட் தொட்டியில் வளர்க்கிற ஒருவருக்கு இலவசமாகக் கொடுத்தேன். தொட்டிக்கு மேலே வலை போடச் சொன்னேன். இந்த ஜாதி நடக்கும். டோரஸ் நீரிணையில் இருக்கிற இரண்டு ஆஸ்திரேலியத் தீவுகளுக்கு நம் பனையேறி போய்ச் சேர்ந்துவிட்டதாம். பெரிய நிலத்துக்கும் வந்துவிடுமோ என்று அங்கே கவலைப்படுகிறார்கள். எங்கள் ஊரில் இல்லையே என்று எனக்குக் கவலை.)

என் இரண்டாவது மனு அப்போது பிறந்தது. கேட்டது மூன்றே விஷயம். தாமரைக் குட்டையை ஏலத்திலிருந்து விட்டுவிட வேண்டும், அங்கே புண்ணாக்குப் போடக் கூடாது, மடைக் கம்பி வலையை எடுத்து வாய்க்காலோடு சேர்க்க வேண்டும். இந்த மனு சுலபத்தில் பலிக்கவில்லை. ஒரு அலுவலகத்தில், 'மனுவில் கண்ட மீனின் எண்ணிக்கை, வகை, மதிப்பு ஆகியவற்றைப் பட்டியலிட்டு அனுப்புக' என்று திருப்பி அனுப்பினார்கள். இன்னொரு இடத்தில், 'பனையேறி' என்பதைப் பார்த்துவிட்டு மனு மரமேறும் தொழிலாளர் பிரிவுக்குப் போய்விட்டது. கேஷ் செக்ஷன் நண்பரை அன்றைக்கு நினைத்துக்கொண்டேன்.

ஊரிலும் எல்லோரும் ஆமாம் போட்டுவிடவில்லை. 2022 ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஒரு பையன், என் வயதில் பாதிதான் இருக்கும், எழுந்து நின்றான்: "குட்டை ஏலம் வருஷத்துக்கு எட்டாயிரம். திருவிழா விளக்குச் செலவு அதுலதான். நீங்க மெட்ராஸ்ல இருக்கீங்க, உங்களுக்கு மீன் ஞாபகம். எங்களுக்கு?" நியாயமான கேள்வி. என்னிடம் பதில் இல்லை. அந்த எட்டாயிரத்தை நான் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். (வீட்டுக்கு வந்து சொன்னதும், "எட்டாயிரத்துக்கு வஞ்சிரமே வாங்கலாமே" என்றாள் என் மனைவி.) சித்தப்பா மட்டும் ஒரு வார்த்தை பேசினார்: "பக்கத்துல தெலுங்கானாவுல நம்ம விராலை மாநில மீனுன்னு வெச்சிருக்கான். கேரளாக்காரன் கரிமீனை வெச்சிருக்கான். நாம ஒரு குட்டையை விடக் கூடாதா?" இதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும் என்று ஆச்சரியமாக இருந்தது. எட்டு வருஷம் என்னோடு பேசாத நேரத்தில் நிறையப் படித்திருக்கிறார். தீர்மானம் நிறைவேறியது, மூன்று வருஷத்துக்கு மட்டும். அப்புறம் பார்க்கலாம் என்றார்கள்.

குட்டையில் முதலில் ஜிலேபியை இழுவலை போட்டு அரித்தோம். அப்படியும் முழுசாகப் போகவில்லை, போகாது. கிழக்குக் கரையைச் சரித்து, கோரையை முளைக்க விட்டோம். அதன் பிறகுதான் கொட்டகைக் குட்டையிலிருந்து அறுபது பனையேறிகள் இடம் மாறின. வயலில் அடிக்கிற மருந்து வாய்க்காலில் வருகிறதே, அதற்கு இன்னும் வழி தெரியவில்லை.

போன ஐப்பசியில் சித்தப்பாவிடமிருந்து போன். "மழை புடிச்சிருக்கு. வரியா?" சனிக்கிழமை ராத்திரி போய் இறங்கினேன். அரிக்கேனுக்குப் பதில் டார்ச். குட்டைக்கும் வயலுக்கும் நடுவே இப்போது தார் ரோடு. பதினொன்றரை மணி இருக்கும். ரோட்டில் ஈரத்தில் ஏதோ பளபளத்தது. ஒன்று. அதற்குப் பின்னால் இரண்டு. உந்தும், நிற்கும், உந்தும். நான் அவசரப்பட்டு ஒன்றைக் கையால் எடுத்து அந்தப் பக்கம் விட்டேன். அதற்குக் கிடைத்த பரிசுதான் இந்தப் பிளாஸ்திரி.

"ஏன் எடுக்கறே? அது போவும்" என்றார் சித்தப்பா.

தூரத்தில் ஒரு பால் வண்டி வெளிச்சம். சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, டார்ச்சை ஆட்டியபடி நடு ரோட்டில் போய் நின்றார். டிரைவர் பிரேக் போட்டுத் தலையை நீட்டினார்.

"என்ன பெரியவரே, ஆக்ஸிடெண்டா?"

"இல்லப்பா. மீன் ரோட்டைத் தாண்டுது."

டிரைவர் இறங்கி வந்து பார்த்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. போய் என்ஜினையும் ஹெட்லைட்டையும் அணைத்துவிட்டு வந்து, பீடி பற்ற வைத்தார்.

"எவ்வளவு நேரம் ஆவும்?"

"எனக்கென்னப்பா தெரியும்" என்றார் சித்தப்பா. "இன்னும் ரெண்டு வருது பாரு."